வெட்டிய ஹைட்ராவில் எந்தச் செல் எதுவாக மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெட்டுண்ட உடல் பகுதி மீண்டும் முளைப்பதைப் பள்ளிப் பாடத்தில் ‘இழப்பு மீட்டல்’ என்று படித்திருப்போம்; அதே நிகழ்வைச் செல் அளவில் பார்க்க விரும்புவோருக்கான பக்கம் இது. உயிரியல் படிக்கும் மாணவர்களையும், ஆய்வகத்தில் செய்து காட்டும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

எத்தனையோ உயிரிகள் இருக்க, ஏன் ஹைட்ரா?

உடல் அமைப்பு எளிது. நன்னீரில் வாழும், சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். மேல் முனையில் வாய்க்கூம்பும் அதைச் சுற்றி உணர்நீட்சிகளும், கீழ் முனையில் ஒட்டிக்கொள்ளும் அடித்தட்டும் இருக்கும். குழாயின் சுவரில் புறப்படை, அகப்படை என்று இரண்டே அடுக்குகள். நடுவில் மீசோகிளியா என்னும் செல்லற்ற மெல்லிய படலம். முதிர்ந்த ஒரு ஹைட்ராவில் ஏறக்குறைய 50,000 முதல் 1,00,000 செல்கள் உண்டு.

வரலாறும் நீளமானது. நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு அருகே, பென்டிங்க் பிரபுவின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த ஆபிரகாம் டிரெம்ப்ளே 1740இல் ஹைட்ராவைக் குறுக்கே வெட்டி, இரண்டு துண்டும் முழு உயிரியாவதைக் கண்டார். 1744இல் நூலாக வெளியிட்டார். இதுவரை அறிவியல் கேட்டுவரும் கேள்விகளில் பாதி அவர் மேசையிலேயே எழுந்துவிட்டன.

வெட்டிய இடத்தில் செல்கள் வேகமாகப் பெருகித்தானே புதுத் தலை உண்டாகிறது?

பரவலாக நம்பப்படும் பிழை இதுதான். பல்லியின் வால் வளர்வதைப் பார்த்துப் பழகிய மனம் ஹைட்ராவிலும் அதையே தேடுகிறது. ஹைட்ராவில் வெட்டுமுனைக்கு ஏற்கெனவே அருகில் இருக்கும் செல்களே தலைச் செல்களாக உருமாறுகின்றன. ஹைட்ராக்ஸியூரியா கொடுத்து டிஎன்ஏ உற்பத்தியைத் தடுத்தாலும், கதிர்வீச்சுக்கு உட்படுத்தினாலும் தலை முளைக்கிறது. கிடைப்பது சற்றுச் சிறிய ஹைட்ரா, வடிவம் முழுமையானது. உணவு உண்டபின் செல்கள் பிரிந்து, அளவு பிறகு சரியாகிறது.

ஆனால் பெருக்கத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. உடலின் நடுவில் வெட்டும்போது, தலை வளரவேண்டிய முனையில் இடைச்செல் மரபை (சுவர்ச் செல்களுக்கு இடையே இருக்கும் சிறு செல்களின் வழிவந்த தொகுதியை)ச் சேர்ந்த பல செல்கள் திட்டமிட்ட செல்மரணம் அடைகின்றன. இறக்கும் செல்கள் வின்ட்-3 என்ற செய்திப் புரதத்தை வெளிவிட, அண்டையிலுள்ள இடைச்செல்கள் பிரியத் தொடங்குகின்றன. 2009இல் வெளியான கண்டுபிடிப்பு இது. தலைக்குச் சற்றுக் கீழே வெட்டினால் இதே அளவு செல்மரணம் காணப்படுவதில்லை. ஆகவே எந்த உயரத்தில் வெட்டினோம் என்பதைக் குறிக்காத எந்தச் சோதனைக் குறிப்பும் அரைகுறைதான்.

ஹைட்ராவில் எத்தனை வகைக் குருத்தணுக்கள் உள்ளன? எது எதைத் தருகிறது?

குருத்தணு என்பது தானும் பெருகி, மற்ற வகைச் செல்களையும் தரும் செல். ஹைட்ராவில் அவை மூன்று தனித்தனி மரபுகள், அதாவது செல் வழித்தொடர்கள்.

முதலாவது, புறப்படை எபிதீலியச் செல். உடலின் வெளிச்சுவர் முழுவதும் இதனாலானது. உணர்நீட்சிக்குள் நுழைந்தால், கொட்டும் செல்களைத் தன்னுள் பதித்துக்கொள்ளும் பேட்டரி செல்லாக மாறும். அடித்தட்டை அடைந்தால் ஒட்டும் சளியைச் சுரக்கும் செல்லாக மாறும். இரண்டாவது, அகப்படை எபிதீலியச் செல். உட்குழியை நோக்கி இருந்து உணவுத் துகள்களை விழுங்கிச் செரிக்கும். இந்த இரு வகையும் வேலை செய்துகொண்டே பிரிபவை. குருத்தணு வேறு, வேலை செய்யும் செல் வேறு என்ற பிரிவினை இங்கே கிடையாது. தசை இழை, சுவர், குருத்தணு மூன்றும் ஒரே செல்தான். இவை பிரிய ஏறக்குறைய 3 முதல் 4 நாட்கள் ஆகும்.

மூன்றாவது, இடைச்செல். எபிதீலியச் செல்களுக்கு இடையே இருக்கும் சிறிய உருண்டைச் செல்கள். ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை பிரிபவை. நரம்புச் செல், கொட்டும் செல், சுரப்பிச் செல், விந்தணு, அண்டம் எல்லாம் இவற்றிலிருந்து வருகின்றன.

இடைச்செல் எபிதீலியச் செல்லாக மாறாது. எபிதீலியச் செல்லும் இடைச்செல்லாக மாறாது. மூன்று மரபும் ஒன்றுக்கொன்று கடன் கொடுப்பதில்லை. ‘இடைச்செல் எதுவாகவும் மாறும்’ என்று சில வழிகாட்டி நூல்களில் இன்னும் அச்சாகிறது. அது தவறு. ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே திருத்திவிட வேண்டும்.

அது தவறு என்பதற்கு என்ன சான்று?

கால்சிசின் என்ற நஞ்சைக் கொடுத்து இடைச்செல்களை அழிக்கலாம். 1976இல் ரிச்சர்ட் கேம்ப்பெல் இதைச் செய்து, நரம்பே இல்லாத ஹைட்ராவை உருவாக்கினார். அதற்கு இரை பிடிக்கத் தெரியாது, வாயைத் திறக்கவும் தெரியாது. உணவை உள்ளே செலுத்தி, எச்சத்தைக் கழுவி எடுத்தால் உயிர்வாழும், மொட்டு விடும். வெட்டினால் தலையும் காலும் மீண்டும் முளைக்கும். இடைச்செல் மட்டும் ஒருபோதும் திரும்பி வருவதில்லை. இன்னொரு ஹைட்ராவின் திசுவை ஒட்டவைத்து இடைச்செல்லைக் கொடுத்தால்தான் நரம்பும் கொட்டும் செல்லும் மீண்டும் தோன்றும்.

ஜப்பானில் பேணப்படும் எஸ்எஃப்-1 என்ற வகை இதை இன்னும் எளிதாக்கியது. வெப்பத்தைச் சில நாட்கள் உயர்த்தி வைத்தாலே அதன் இடைச்செல்கள் மறைந்துவிடும், நஞ்சு தேவையில்லை. உடலின் வடிவத்தைக் கட்டுவது எபிதீலியச் செல்களே என்பது இந்த இரு வழிகளிலும் உறுதியானது.

ஒரு செல் தன் இடத்தை எப்படி அறிகிறது?

ஹைட்ராவில் இழப்பு மீட்டல் என்பதே இடம் அறிதல்தான் என்பது எங்கள் கருத்து. வெட்டுப்படாத ஹைட்ராவிலும் செல் வேறுபாடடைதல், அதாவது செல்கள் தனி வேலைக்குரிய வடிவம் பெறுதல், ஒருநாளும் நிற்பதில்லை. நடு உடலில் பிறக்கும் எபிதீலியச் செல்கள் மெல்ல மேலும் கீழும் தள்ளப்படுகின்றன. மேலே போனவை உணர்நீட்சியிலும் வாய்க்கூம்பிலும், கீழே போனவை அடித்தட்டிலும் தம் கடைசி வடிவத்தை அடைந்து உதிர்கின்றன. பல செல்கள் மொட்டுக்குப் போகின்றன. சுமார் 20 நாட்களில் உடலின் பெரும்பகுதி புதிதாகிவிடுகிறது. இந்த வேறுபாடடைதலை வெட்டு புதிதாகத் தொடங்குவதில்லை. நடுவில் இருந்த செல்லைத் திடீரென முனைக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே.

முனை என்பதை அறிவிக்கும் பொருள் வின்ட் புரதங்கள். வாய்க்கூம்பின் உச்சியில் உள்ள செல்கள் எப்போதும் வின்ட்-3 சுரக்கின்றன. அதை ஏற்ற செல்லுக்குள் பீட்டா-கேட்டினின் என்ற புரதம் சிதையாமல் உட்கருவுக்குள் சென்று தலைக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. அந்த இயக்கம் எல்லை மீறாமல் எஸ்பி-5 என்ற புரதம் அடக்கிவைக்கிறது. இதன் உற்பத்தியைக் குறைத்தால் ஒரே உடலில் பல தலைகள் முளைப்பதை 2019இல் காட்டினார்கள்.

எத்தல் பிரவுன் 1909இலேயே வாய்க்கூம்பின் சிறு துண்டை இன்னொரு ஹைட்ராவின் பக்கவாட்டில் ஒட்டி, அங்கே இரண்டாவது உடல் அச்சு முளைப்பதைக் கண்டார். பச்சை ஹைட்ராவையும் நிறமற்ற ஹைட்ராவையும் பயன்படுத்தியதால், புது அச்சில் ஏற்றுக்கொண்ட உடலின் செல்களே சேர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஷ்பேமான், மாங்கோல்ட் இருவரும் நியூட் கருவில், சுற்றியுள்ள செல்களைக் கொண்டு புது உடல் அச்சை உண்டாக்கும் இதே போன்ற ‘அமைப்பாளர்’ பகுதியை அறிவித்தது 1924இல்தான். பிரவுனின் பெயர் பாடநூல்களில் இன்னும் வர வேண்டிய அளவுக்கு வரவில்லை.

மேல்முனைக்குத் தலை, கீழ்முனைக்குக் கால் என்று எப்படி முடிவாகிறது?

முதலில் முடிவாவதில்லை. வெட்டிய முதல் சில மணி நேரத்தில் இரு முனைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. காயம் என்ற செய்தியே வின்ட் மரபணுக்களை இரண்டு பக்கமும் இயக்கிவிடுகிறது. 12 மணி நேரத்துக்குள் பாதைகள் பிரிகின்றன: தலைப் பக்கம் வின்ட் நிலைத்துப் பெருகுகிறது, கால் பக்கம் அணைந்துவிடுகிறது. 2021இல் வெளியான ஆய்வுகளில் தெளிவானது இது.

பிரிவுக்குக் காரணம் துண்டு ஏற்கெனவே சுமந்துவரும் சரிவு. உடலில் மேலே இருந்த திசுவுக்குத் தலையாகும் திறன் அதிகம், கீழே போகப்போகக் குறைவு. துண்டு எவ்வளவு சிறியதானாலும் அதன் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட ஒரு படி மேலே இருக்கும். நடு உடலில் எடுத்த வளையத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் பழைய மேல்பக்கமே தலையாவது இதனால்தான். அளவுக்கு ஓர் எல்லை உண்டு. சில நூறு எபிதீலியச் செல்களாவது இல்லாவிட்டால் துண்டு உருண்டையாகி, பிறகு சிதைந்துபோகும்.

நேர வரிசை என்ன?

18 முதல் 20 டிகிரி செல்சியஸில், நடு உடலில் வெட்டியதாகக் கொள்வோம். வெட்டியதும் துண்டு சுருங்கும். சுற்றியுள்ள எபிதீலியச் செல்கள் நீண்டு வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் காயத்தை மூடும். வின்ட்-3 ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திலேயே முனையில் தோன்றிவிடும். அடுத்த ஒரு நாள் வெளியே எதுவும் தெரியாது. பல மாணவர்கள் இங்கேதான் ‘சோதனை தோற்றுவிட்டது’ என்று ஊற்றிவிடுகிறார்கள். 30 முதல் 48 மணி நேரத்துக்குள் உணர்நீட்சியின் சிறு மொட்டுகள் தெரியும். மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் இரை பிடிக்கும். கால் பக்கம் விரைவானது: ஒன்றரை நாளுக்குள் கண்ணாடியில் ஒட்டத் தொடங்கும்.

உணர்நீட்சியில் பேட்டரி செல் எப்படி உருவாகிறது?

இரண்டு மரபுகள் ஒன்றிணையும் இடம் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறோம்.

நடு உடலில் ஓர் இடைச்செல் கொட்டும் செல்லாக வேண்டும் என்று உறுதிப்பட்டதும், அது தொடர்ந்து ஒரே நேரத்தில் பிரியும். பிரிவு முழுமையாக முடியாமல் செல்களுக்கிடையே பாலங்கள் எஞ்சும். 4, 8, 16, சிலவேளை 32 செல்கள் கொண்ட கூட்டுக்கொத்து உண்டாகும். பிரிதல் நின்றபின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் ஒரு கொட்டும் உறையைக் கட்டும். ஒரு கொத்திலுள்ள எல்லாச் செல்களும் ஒரே வகை உறையைத்தான் கட்டும். ஹைட்ராவில் நான்கு வகைகள்: துளைத்து நஞ்சேற்றும் ஸ்டீனோடீல், இரையின் மயிர்களைச் சுற்றிக்கொள்ளும் டெஸ்மோனீம், இரண்டு வகை ஐசோரைசா.

உறை முடிந்ததும் பாலங்கள் அறுந்து கொத்து கலையும். தனித்தனிச் செல்கள் எபிதீலியச் செல்களுக்கிடையே நகர்ந்து உணர்நீட்சியை நோக்கிப் போகும். அங்கே புறப்படைச் செல் பிரிவதை நிறுத்தி, தட்டையாகப் பரந்து, தன்னுள் ஒரு டஜனுக்கும் மேலான கொட்டும் செல்களைப் பதித்துக்கொள்கிறது. அந்த முழுத் தொகுப்பே பேட்டரி செல். இனி அது பிரியாது. நுனிக்குத் தள்ளப்பட்டு உதிரும்.

புதிதாக முளைத்த உணர்நீட்சிக்கு உடலில் ஏற்கெனவே தயாராக இருக்கும் கொட்டும் செல்களே முதலில் வந்து சேர்கின்றன. பட்டினி கிடந்த ஹைட்ராவை வெட்டினால் உணர்நீட்சி தோன்றியும் இரை நழுவுவது இந்த இருப்பு போதாமையால் இருக்கலாம்.

முதிர்ந்த செல் வேறு வகையாக மாறுவது ஹைட்ராவில் உண்டா?

உண்டு, ஆனால் அதே மரபுக்குள். உடல் பகுதியில் செரிமான நொதி சுரக்கும் சுரப்பிச் செல், தலைப்பகுதிக்குள் தள்ளப்படும்போது சளிச் சுரப்பிச் செல்லாக மாறுகிறது. உடலில் இருந்த நரம்புச் செல் தலைக்கு வந்ததும் எஃப்எம்ஆர்எஃப்-அமைடு வகைப் பெப்டைடை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. இரண்டிலும் தூண்டுவது இடமாற்றமே. தலையை வெட்டி, நடு உடலையே தலையாக்கினாலும் அதே மாற்றம் நிகழ்கிறது.

பிளனேரியாவிலும் மற்ற நீர்வாழ் உயிரிகளிலும் இப்படித்தானா?

இல்லை. பிளனேரியத் தட்டைப்புழுவில் நியோபிளாஸ்ட் என்ற ஒரு செல்தொகுதி மட்டுமே பிரிகிறது. கதிர்வீச்சால் அதை அழித்தால் மீட்டல் முற்றாக நின்று புழு இறக்கும். அப்படிப்பட்ட புழுவுக்கு ஒரே ஒரு நியோபிளாஸ்டைச் செலுத்தி மீட்டெடுத்ததை 2011இல் காட்டினார்கள். ஹைட்ராவின் கடல் உறவினரான ஹைட்ராக்டீனியாவில் தலை வெட்டப்பட்டால் இடைச்செல்கள் உடலிலிருந்து காயத்துக்கு நகர்ந்து பெருகுகின்றன. அங்கே பெருக்கத்தைத் தடுத்தால் தலை வராது. போடோகோரைனா ஜெல்லிமீனின் வரித்தசையைத் தனியே பிரித்து வளர்த்தபோது அது வரியற்ற தசையாகவும் நரம்புச் செல்லாகவும் மாறியது. ஹைட்ராவும் அதன் உறவினரும் அடங்கிய ஒரே தொகுதிக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு. ஒன்றைப் படித்து மற்றதற்குப் பொருத்துவதில் நிதானம் வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க என்ன வேண்டும்?

நீரில்தான் முதல் கவனம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 147 மில்லிகிராம், சோடியம் பைகார்பனேட் 42 மில்லிகிராம், மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 20 மில்லிகிராம், பொட்டாசியம் குளோரைடு 7.5 மில்லிகிராம். கால்சியம் குறைந்தால் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. குழாய்நீரின் குளோரினும் செம்புக் குழாயிலிருந்து கசியும் செம்பும் ஹைட்ராவைக் கொல்லும்.

குளத்திலிருந்து எடுப்பதானால் வேலம்பாசி போன்ற நீர்த்தாவரங்களைக் கண்ணாடிச் சாடியில் அதே குளத்து நீரோடு அசையாமல் வையுங்கள். ஓரிரு நாளில் ஹைட்ராக்கள் சுவரில் ஒட்டித் தெரியும்.

புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு ஓட்டுயிரி) குஞ்சுகளை உப்பு போக நன்னீரில் நன்றாக அலசி, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கொடுங்கள். உண்ட 6 முதல் 8 மணி நேரம் கழித்து நீரை முழுக்க மாற்ற வேண்டும். வெட்டுவதற்கு ஒரு நாள் முன்பு உணவை நிறுத்துங்கள். குடல் நிறைந்த ஹைட்ராவை வெட்டினால் செரிக்காத உணவு வெளியேறி பாக்டீரியா பெருகும். மொட்டு இல்லாதவற்றையே தேர்ந்தெடுங்கள், ஏனெனில் மொட்டே தனி அமைப்பாளர். உடல் நன்றாக நீண்டிருக்கும் நேரத்தில் புதிய சவரக்கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். குழிகள் உள்ள ஆய்வகத் தட்டில் ஒரு குழிக்கு ஒரு துண்டு வையுங்கள். 12 துண்டாவது இருந்தால்தான் நேரங்களை ஒப்பிட முடியும்.

என் துண்டுகள் சிதைந்துபோகின்றன. என்ன காரணம்?

நம் ஊரில் முதல் சந்தேகம் வெப்பம். மே மாதத்து அறையில் 32 டிகிரியில் வைத்தால் பெரும்பாலான ஹைட்ரா வகைகள் தாங்காது. தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பையுடன் வைத்தாவது 18 முதல் 22க்குள் நிறுத்துங்கள். அடுத்தது செம்பும் சோப்பும்: சோப்பிட்டுக் கழுவிய பாத்திரத்தில் எஞ்சும் சிறு அளவே போதும். வெட்டிய துண்டு வெண்மையாகி ஓரம் நூல்நூலாகப் பிரிந்தால் நீரில்தான் பிழை.

உணர்நீட்சியை மட்டும் வெட்டி வைத்துவிட்டு ஏன் வளரவில்லை என்று கேட்பவர்கள் பலர். அது வளராது. அதிலுள்ள எபிதீலியச் செல்கள் கடைசி நிலையை அடைந்தவை. தனி அடித்தட்டும் அப்படியே. இரு முனையிலும் தலை வந்தால், வளையம் மிக மெல்லியதாக வெட்டப்பட்டு மேல், கீழ் வேறுபாடு மங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

செல்களை உதிர்த்து மீண்டும் சேர்த்தால்?

முழு ஹைட்ராவாகும். ஆல்ஃபிரட் கீரரும் அவர் குழுவும் 1972இல் காட்டியது இது. உதிர்த்த செல்களைச் சுழற்றிக் கட்டியாக்கினால் முதல் நாளுக்குள் புறப்படையும் அகப்படையும் தானாகப் பிரிந்து அடுக்காகும், சில நாட்களில் தலைகள் முளைக்கும், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை. உதிர்க்கும்போது சாதாரண ஹைட்ரா நீரைப் பயன்படுத்தினால் செல்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும். செல்லின் உட்புறத்துக்கு ஈடான, சுமார் 70 மில்லி ஆஸ்மோல் அடர்த்தியுள்ள கரைசல் வேண்டும். அதை ஒரு நாளில் படிப்படியாக நீர்த்துக் கொண்டுவர வேண்டும். ஒரே தடவையில் மாற்றினால் கட்டி கலைந்துவிடும்.

எந்த வகைச் செல் எத்தனை இருக்கிறது என்று எண்ண முடியுமா?

முடியும், விலையுயர்ந்த கருவி இல்லாமலே. 1973இல் சார்லஸ் டேவிட் தந்த முறை இன்னும் வழக்கில் உள்ளது. கிளிசரின், கிளேசியல் அசிட்டிக் அமிலம், நீர் மூன்றையும் 1:1:13 விகிதத்தில் கலந்து, அதில் ஹைட்ராவை 10 முதல் 30 நிமிடம் ஊறவைத்து மெல்லத் தட்டினால் செல்கள் தம் வடிவம் கெடாமல் உதிரும். சம அளவு 8 சதவீத ஃபார்மால்டிஹைடு சேர்த்து நிலைநிறுத்தி, ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகட்டில் காயவைத்து, கட்ட வேறுபாட்டு (phase contrast) நுண்ணோக்கியில் பாருங்கள். ஃபார்மால்டிஹைடு வேலையைப் புகைபோக்கிப் பெட்டிக்குள், கையுறையோடு செய்ய வேண்டும்.

தனியாகவோ இரட்டையாகவோ தெரியும் பெரிய இடைச்செல்கள்தான் குருத்தணுத் தொகுதியும் அதன் உடனடி வாரிசுகளும். 4, 8, 16 என்று கொத்தாக இருப்பவை கொட்டும் செல்லாகும் வழியில் உள்ளவை. எண்ணிக்கையைத் தனித்துச் சொல்லாமல் எப்போதும் எபிதீலியச் செல்லுக்கு விகிதமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஹைட்ராவின் அளவும் வேறு. விகிதம் மட்டுமே ஒப்பிடத் தக்கது. வெட்டிய 0, 24, 48, 72ஆம் மணி நேரங்களில் மேல்முனைத் துண்டை மட்டும் தனியே எடுத்து இப்படி எண்ணினால், நரம்புச் செல்லின் விகிதம் புதுத் தலையில் ஏறுவதை மாணவர்களே வரைபடமாக வரைந்துவிடலாம்.